போன்சாய் மரங்களுக்குக் குறைந்த செலவில் மண்கலவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன்சாய் வளர்க்கத் தொடங்கும் ஒருவர், மரத்துக்கும் தொட்டிக்கும் செலவழித்து முடித்த பின்னர், மண்ணுக்கும் அதே அளவு செலவாகும் என்று அறிந்து திகைப்பது வழக்கம். அகடாமா போன்ற ஜப்பானிய மண் வகைகளின் பெயர்கள் எல்லாக் குறிப்புகளிலும் திரும்பத் திரும்ப வருவதால், அவை இல்லாமல் மரம் பிழைக்காது என்ற எண்ணமும் ஏற்பட்டுவிடுகிறது. நல்ல சல்லடைகள் சிலவும் சிறிது பொறுமையும் இருந்தால், எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அந்த மண்ணுக்கு ஈடான கலவையை உருவாக்க முடியும் என்பது என் அனுபவம். அதற்கான காரணங்களும் செய்முறைகளும் கீழே கேள்வி பதிலாக உள்ளன.

தோட்டத்து மண்ணில் செழித்து வளரும் மரம், அதே மண்ணை இட்ட போன்சாய்த் தொட்டியில் ஏன் நலிகிறது?

மண் அதேதான், அதன் ஆழம் குறைந்துவிட்டது. நிலத்தில் விழும் நீரை அடியில் தொடர்ச்சியாக இருக்கும் பல அடி மண் கீழ்நோக்கி இழுத்துக்கொள்கிறது. தொட்டியிலோ அடித்துளையோடு மண் முடிந்துவிடுகிறது. அங்கே துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால், துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசிப் பகுதி நீர் வெளியேறுவதில்லை.

மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் தானாக மேலேறுவதைப் பள்ளியில் பார்த்திருப்போம். 1 மி.மீ. விட்டமுள்ள குழாயில் நீர் ஏறத்தாழ 3 செ.மீ. உயரத்துக்கும், 0.2 மி.மீ. விட்டமுள்ள குழாயில் ஏறத்தாழ 15 செ.மீ. உயரத்துக்கும் ஏறும். மண்ணுக்குள் உள்ள இடைவெளிகளும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை. பொடிமண்ணின் இடைவெளிகள் பல செ.மீ. உயரத்துக்கு நீரைத் தாங்கி நிற்க வல்லவை. போன்சாய்த் தொட்டியின் ஆழமோ பெரும்பாலும் 4 முதல் 8 செ.மீ. வரைதான். எனவே, பொடிமண் இட்ட ஆழமற்ற தொட்டியில் நீர் ஊற்றி அரைநாள் கழிந்த பிறகும் அடியிலிருந்து மேல்வரை சேறாகவே இருக்கும். வேருக்கு நீரைப் போலவே உயிர்வளியும் தேவை. அந்த வளி காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பியிருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும்.

இதை ஒரு பஞ்சுத் துண்டைக் கொண்டே கண்ணால் காணலாம். பாத்திரம் கழுவும் நீள்சதுரப் பஞ்சை நீரில் ஊறவைத்து, கிடையாகப் பிடித்துச் சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பின்னர் அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் நீர் சொட்டும். பஞ்சு அதே பஞ்சு. உயரம் கூடியதும் தாங்கி நிற்கும் நீர் குறைந்துவிட்டது. போன்சாய்த் தொட்டி என்பது எப்போதும் கிடையாகவே வைக்கப்பட்டிருக்கும் பஞ்சு. அடைமழைக் காலத்தில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் கட்டை வைத்துச் சாய்த்துவைக்கும் பழக்கத்தின் பின்னால் உள்ள காரணமும் இதுவே.

அப்படியானால் நல்ல மண்கலவை என்பதற்கு அளவுகோல் எது?

நீர் ஊற்றி வடிந்த பிறகு துகளுக்குள் நீரும், துகளுக்கு வெளியே காற்றும் இருக்க வேண்டும். அடுத்த தொட்டி மாற்றம் வரை, அதாவது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, துகள்கள் கரையாமலும் நொறுங்காமலும் இருக்க வேண்டும். இவை இரண்டும் அமைந்துவிட்டால் பொருளின் பெயர் என்ன, அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். சத்து இந்த அளவுகோலில் இடம்பெறவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சத்தை உரமாகக் கொடுத்துக்கொள்ளலாம். காற்றை அப்படிக் கொடுக்க வழியில்லை.

துகள் எந்த அளவில் இருக்க வேண்டும்?

கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். எண்ணில் சொல்வதானால், நடுத்தர மரத்துக்கு 3 முதல் 6 மி.மீ. வரையும், உள்ளங்கையில் அடங்கும் சிறு மரத்துக்கு 2 முதல் 3 மி.மீ. வரையும் பொருந்தும். 2 மி.மீ. சல்லடையில் விழும் தூளை, மிகச் சிறிய தொட்டிகளைத் தவிர வேறெதிலும் சேர்க்கக் கூடாது.

அளவு ஒத்திருப்பது அளவைக் காட்டிலும் முக்கியமானது. ஒரு வாளி நிறையச் சரளைக்கல்லையும் அரை வாளி மணலையும் கலந்தால் ஒன்றரை வாளிக் கலவை கிடைக்காது; மணல் சரளையின் இடைவெளிகளுக்குள் இறங்கிவிடுவதால் ஒரு வாளிக்குச் சற்றே கூடுதலாகத்தான் கிடைக்கும். காணாமல் போன அந்த அரை வாளிதான் வேருக்குக் கிடைத்திருக்க வேண்டிய காற்று. விலையுயர்ந்த மண்ணைத் தூளோடு அப்படியே தொட்டியில் கொட்டுபவருக்கும் இதே இழப்பு நேர்கிறது. பையின் அடியில் தங்கும் தூள், நீர் ஊற்ற ஊற்றக் கீழிறங்கி, வடிய வேண்டிய இடத்திலேயே படிந்துவிடும்.

ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரவகையில் என் முதல் மரத்தை நான் இழந்தது இப்படித்தான். மணல் சேர்த்தால் நீர் வடியும் என்று எங்கோ படித்ததை நம்பி, தோட்டத்து மண்ணோடு சரிபாதி பொடிமணலைக் கலந்து நட்டேன். இரண்டே மாதங்களில் அக்கலவை சுண்ணச்சாந்து போல இறுகிவிட்டது. ஜூனிப்பர் இறந்த பிறகும் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும் இயல்புடையது. ஆகவே, செத்த மரத்துக்கு நாள்தோறும் நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பது, பெயர்த்தெடுத்து வேர்கள் கறுத்து நாறியதைக் கண்டபோதுதான் தெரிந்தது.

ஆகவே, முதற்செலவு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சல்லடைக்கு என்றே பதில் சொல்கிறேன். 2, 3, 6 மி.மீ. கண்ணுடைய மூன்று சல்லடைகள் இருந்தால் பெரும்பாலான தேவைகள் நிறைவேறும். 6 மி.மீ. சல்லடையில் தங்கும் கப்பியை மீண்டும் உடைக்கலாம், 3 மி.மீ. சல்லடையில் தங்குவது நடுத்தர மரங்களுக்கு, 2 மி.மீ. சல்லடையில் தங்குவது சிறு மரங்களுக்கு. அதற்கும் கீழே விழுவது தோட்டத்துக்கு.

அகடாமா இல்லாமல் முடியாதா?

முடியும். ஆனால், அதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவதும் நியாயமன்று. அகடாமா என்ற ஜப்பானியப் பெயருக்குச் செந்நிற உருண்டை என்று பொருள். எரிமலைச் சாம்பல் நாளடைவில் களிமண்ணாக மாறிய படிவிலிருந்து அது தோண்டி எடுக்கப்பட்டு, உலர்த்திச் சலிக்கப்படுகிறது. களிமண்ணுக்குரிய சத்துப்பிடிப்பும் சரளைக்குரிய காற்றோட்டமும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பது அரிது. நுண்வேர்கள் அதன் துகள்களுக்குள் ஊடுருவி நன்கு கிளைவிடுகின்றன. உலர்ந்தால் நிறம் வெளிறிவிடுவதால், நீர் ஊற்ற வேண்டிய நேரத்தையும் அதுவே காட்டிக்கொடுக்கும். அசேலியா போன்ற அமில மண் விரும்பும் செடிகளுக்குக் கானுமா என்ற மஞ்சள் நிறத் துகள்மண் ஜப்பானில் பயன்படுகிறது. டொச்சிகி மாநிலத்திலுள்ள கானுமா நகரின் பெயரே அதற்கு வாய்த்தது.

அகடாமாவின் குறை, அது நிலைத்து நிற்பதில்லை என்பதே. இரண்டு மூன்று ஆண்டுகளில் துகள்கள் நசிந்து மீண்டும் களிமண்ணாகத் தொடங்கும். பனி உறைந்து உருகும் குளிர்நாடுகளில் இது இன்னும் விரைவாக நிகழும். ஜப்பானில் அது உள்ளூர் மண் என்பதால் அவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதே காரணத்தால் நாம் நமக்கு அருகில் கிடைப்பதைப் பயன்படுத்துவதில் குறைவொன்றும் இல்லை. பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய, காட்சிக்குத் தயாரான மரம் ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் அகடாமா வாங்குங்கள், மற்றவற்றுக்கு வேண்டியதில்லை.

உடைத்த செங்கல்லைப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். குறைந்த செலவில் கிடைக்கும் பொருள்களில் நான் முதலிடம் தருவது செங்கல்லுக்கே. சுட்ட களிமண்ணில் எண்ணற்ற நுண்துளைகள் இருப்பதால் அது நீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. உடைந்த துண்டுகள் கோண வடிவில் இருப்பதால் ஒன்றோடொன்று முட்டி நின்று இடையே காற்றுக்கு இடம்விடுகின்றன. ஆண்டுக்கணக்கில் கரைவதுமில்லை.

எல்லாச் செங்கல்லும் பொருந்தாது என்பதால் தேர்வில் கவனம் தேவை. நன்கு வெந்த கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வேகாத கல் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் இருந்தால் சில துண்டுகளை ஒரு வாரம் நீரில் ஊறவைத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். குழைந்தால் அது மீண்டும் மண்ணாகிவிடும், வேண்டாம். மறுபுறம், அளவுக்கு மீறி வெந்து கருத்து, கண்ணாடி போல மினுங்கும் கல்லின் நுண்துளைகள் மூடிப்போயிருக்கும், நீர் பிடிக்காது. சாம்பலும் சிமெண்டும் சேர்த்து அழுத்திச் செய்யும் கற்களைத் தொடவே வேண்டாம்.

இடித்த கட்டடத்தின் பழைய செங்கல் இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால், அதில் ஒட்டியிருக்கும் காரையும் சிமெண்டும் மண்ணின் காரத்தன்மையை உயர்த்தி, இரும்புச் சத்தை வேர் எடுக்கவிடாமல் தடுத்து, இளம் இலைகளை மஞ்சளாக்கும். துண்டுகளின்மீது சிறிது வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. பெயின்ட் பூசிய கல்லையும், வெண்ணிற உப்புப் பூத்த கல்லையும் தவிர்ப்பது நல்லது.

உடைக்கும்போது கல்லை முதலில் நனைத்து, பழைய சாக்குக்குள் வைத்து, சுத்தியலால் அடியுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம் அணிய வேண்டும். செங்கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. அடித்ததில் பாதிக்குமேல் தூளாகப் போவது கண்டு மனம் தளர வேண்டாம். எல்லோருக்கும் அப்படித்தான் போகிறது. சலித்த துகள்களை நீர் தெளியும் வரை கழுவி, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிய பின் உலர்த்துங்கள். பழைய மண்தொட்டிகளையும் சுட்ட ஓடுகளையும் இதே முறையில் பயன்படுத்தலாம்; அவை செங்கல்லைவிட எளிதாக உடையும்.

மணல் சேர்க்கலாமா?

பொடிமணலைச் சேர்க்கக் கூடாது. 2 மி.மீ. சல்லடையில் தங்கும் பருமணலையும் சிறு சரளையையும் கழுவிச் சேர்க்கலாம். அவை நீரைத் தமக்குள் பிடிப்பதில்லை. எடை கூட்டவும் இடைவெளி தரவும் மட்டுமே உதவும். காற்றில் ஆடும் உயரமான மரங்களுக்கு அந்த எடை பயனுள்ளது. கடல்மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருப்பதால் அது ஆகாது.

நுரைக்கல், எரிமலைக்கல், பெர்லைட் ஆகியவற்றில் எது சிக்கனம்?

எரிமலைப் பகுதிகளுக்கு அருகில் வாழ்பவர்களுக்கு நுரைக்கல்லே எல்லாவற்றிலும் சிறந்தது; எடை குறைவு, நீர்ப்பிடிப்பு நன்று, பல ஆண்டுகள் உழைக்கும். தனி நுரைக்கல்லிலேயே மரம் வளர்ப்பவர்களும் உண்டு. தொலைவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தால் அதன் விலையைவிடப் போக்குவரத்துச் செலவே மிகுதியாகிவிடும். கறுப்பும் செம்மையுமான எரிமலைக்கல் அதைவிட உறுதியானது. நீர் பிடிப்பது சற்றுக் குறைவு.

பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடியை 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிப் பொரிய வைத்தது. சோளப்பொரி போல இலேசானது. நாற்றுப்பண்ணைகளில் பரவலாகக் கிடைக்கும். நுரைக்கல்லுக்கு மாற்றாக, பருவெட்டான பெர்லைட்டை வாங்கிச் சலித்துப் பயன்படுத்தலாம். நீர் ஊற்றும்போது மிதந்து மேலே வந்துவிடுவதும், வெள்ளை வெளேரென்று கண்ணை உறுத்துவதும் அதன் குறைகள். மேற்பரப்பில் ஒரு விரல்கனத்துக்குச் செங்கல் துகளைப் பரப்பினால் இரண்டு குறைகளும் மறையும். பெயர் ஒத்திருப்பதால் பலர் குழப்பிக்கொள்ளும் வெர்மிகுலைட் வேறு பொருள். அது நாளடைவில் நசுங்கித் தட்டையாகிவிடும் என்பதால் போன்சாய்க்கு ஏற்றதன்று.

பூனைக் கழிவுக்கான மணலைச் சிலர் பயன்படுத்துகிறார்களே?

அவர்கள் பயன்படுத்துவது ஒரு குறிப்பிட்ட வகையை மட்டுமே. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் களிமண். அதைத் தொட்டியில் இட்டால் மரத்துக்குச் சமாதி கட்டியதாகிவிடும். நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான டயட்டமைட் மண்ணைச் சுட்டுத் தயாரிக்கும் வகை மட்டும் கரையாமல் நிற்கும். உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்சுவதற்காக விற்கப்படும் களிமண் துகள்களிலும் பயன்படத் தக்கவை உண்டு.

பையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு கைப்பிடியைக் கிண்ணத்தில் நீரோடு உறைபெட்டியில் இரவு முழுவதும் வைத்து, மறுநாள் உருகவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகும் துகள்கள் முழுதாக இருந்தால் பயன்படுத்தலாம். சேறானால் பூனைக்கே விட்டுவிடலாம். நறுமணம் சேர்த்தவற்றைச் சோதிக்கவே தேவையில்லை.

கோகோபீட், மரப்பட்டை, மண்புழு உரம் போன்றவற்றுக்குக் கலவையில் இடமில்லையா?

இடமுண்டு; சிறிய இடம். செங்கல், சரளை ஆகியவை உரச்சத்தைப் பிடித்துவைப்பதில்லை. மக்கும் பொருள்கள் அந்தக் குறையைப் போக்குவதோடு கூடுதல் நீரையும் தாங்குகின்றன. ஆனால், அவை மக்கிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு துகள் சிறுத்து இடைவெளியை அடைக்கும். மொத்தக் கலவையில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

இவற்றுள் முதல் தேர்வாக நான் சொல்வது, நன்கு பதப்பட்ட மரப்பட்டைத் துண்டுகள். துண்டு துண்டாக இருப்பதால் அவற்றைச் சலிக்க முடியும், மெதுவாகவே மக்கும். பதப்படாத புதுப்பட்டை, மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். கோகோபீட்டை, அதாவது தென்னை நார்க்கழிவை, வாங்கினால் முதலில் நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசிப் பிழியுங்கள். அதில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் தங்கியிருப்பது வழக்கம். பொடியைக் காட்டிலும் சிறு துண்டுகளாக வெட்டிய தென்னை மட்டை சிறந்தது. மண்புழு உரமும் தொழுவுரமும் மிக நுண்ணியவை. அவற்றைக் கலவையில் சேர்ப்பதைவிட, சிறு துணிப்பையில் கட்டி மேற்பரப்பில் வைத்து நீர் ஊற்றினால் சத்து மட்டும் இறங்கும், தூள் இறங்காது.

கரி சேர்ப்பதால் நன்மை உண்டா?

பத்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். நுண்துளைகள் நிறைந்தது, இலேசானது, மக்குவதில்லை. உமிக்கரியும் நல்லதே; ஆனால் அது காரத்தன்மை உடையது, பொடியாகவும் இருக்கும், எனவே அளவாக இருக்கட்டும். கரி அடுப்புகளுக்கும் கணப்புகளுக்கும் விற்கப்படும் அச்சுக்கரியில் பசைப்பொருள் கலந்திருப்பதால் அது வேண்டாம். கரி எல்லா நோய்களையும் தடுக்கும் என்ற பரவலான நம்பிக்கையில் எனக்கு உடன்பாடில்லை.

எந்தப் பொருளை எந்த விகிதத்தில் கலப்பது?

இதற்கு ஒரே விடை இருப்பதாகச் சொல்பவர் தம் மொட்டைமாடியை மட்டுமே பார்த்தவராக இருப்பார். மரத்தின் இயல்பு, வெயிலின் கடுமை, நீர் ஊற்றுபவரின் பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் விகிதத்தைத் தீர்மானிக்கின்றன. இருப்பினும் தொடக்கமாகச் சிலவற்றைச் சொல்லலாம்.

ஆல், அரசு போன்ற அத்திக் குடும்ப மரங்களுக்கும் பெரும்பாலான அகன்ற இலை மரங்களுக்கும், செங்கல் துகள் இரண்டு பங்கு, பெர்லைட்டோ நுரைக்கல்லோ ஒரு பங்கு, பதப்பட்ட பட்டையோ தென்னை மட்டைத் துண்டோ ஒரு பங்கு என்று கலந்து தொடங்கலாம். பைன், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களுக்கு மக்கும் பொருளை அறவே விலக்கி, அந்தப் பங்குக்கு எரிமலைக்கல்லையோ பருமணலையோ இடுங்கள். அவற்றின் வேர் ஈரத்திலேயே நிற்பதை விரும்பாது. தண்டில் நீரைச் சேமிக்கும் அடீனியத்துக்கும் போர்ச்சுலகேரியாவுக்கும் இதைவிடவும் விரைவாக வடியும் கலவை தேவை. அமில மண் விரும்பும் செடிகளுக்குப் பட்டையின் பங்கைக் கூட்டி, செங்கல்லைக் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பழக்கத்தை நேர்மையாகக் கணக்கில் கொள்ளுங்கள். துகள்மண்ணில் நட்ட மரத்துக்குக் கடும் கோடையில் நாளுக்கு இருமுறை நீர் தேவைப்படும். வேலைக்குப் போய் இரவில் திரும்புபவர் அதைச் செய்ய இயலாது என்றால், மக்கும் பொருளைச் சற்றுக் கூட்டியோ, துகளின் அளவைச் சற்றுக் குறைத்தோ, ஆழமான தொட்டியைத் தேர்ந்தெடுத்தோ ஈடுசெய்ய வேண்டும். கையில் நீர்க்குடுவையோடு மரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பவர் இதற்கு நேரெதிராகச் செய்ய வேண்டும்.

கலவை சரியாக அமைந்ததா என்பதை நடுவதற்கு முன்பே அறிய முடியுமா?

முடியும், அளவுகுறித்த பாத்திரம் ஒன்று போதும். உங்கள் போன்சாய்த் தொட்டியின் ஆழத்துக்கு நிகரான ஆழமுள்ள ஒரு ஞெகிழிப் பெட்டியை எடுத்து அடியில் துளைகள் இட்டு, அவற்றை நாடா ஒட்டி அடைத்துவிடுங்கள். அதன் கொள்ளளவை நீரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன்பே ஊறவைத்து வடித்த கலவையைப் பெட்டியில் நிரப்பி, இலேசாகத் தட்டி, நீர் மேற்பரப்புக்கு வந்து நிற்கும் வரை மெல்ல ஊற்றுங்கள். இப்போது நாடாவை நீக்கி, வடியும் நீரைச் சொட்டு நிற்கும் வரை பிடித்து அளக்க வேண்டும். வடிந்த நீரின் இடத்தில் இப்போது காற்று புகுந்திருக்கிறது. பெட்டி 1000 மி.லி., வடிந்தது 220 மி.லி. என்றால், கலவையில் 22 சதவீதம் காற்றிடம் என்று பொருள். 20 சதவீதத்துக்குக் குறைந்தால் நான் மீண்டும் சலிப்பேன். ஊசியிலை மரம் என்றால் 25க்கு மேல் எதிர்பார்ப்பேன்.

ஆழம் ஒத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதே கலவையை ஆழமான வாளியில் சோதித்தால் காற்றிடம் கூடுதலாகக் காட்டும். மேலே சொன்ன பஞ்சின் கதைதான். இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இரண்டு மூன்று விகிதங்களை ஒரே நாளில் ஒப்பிட்டுவிடலாம் என்பதால், யாருடைய கலவை சிறந்தது என்ற விவாதத்துக்கே இடமிருக்காது.

நீர் வடிவதற்காகத் தொட்டியின் அடியில் ஜல்லி பரப்ப வேண்டுமா?

வேண்டியதில்லை. நுண்ணிய துகளிலிருந்து பெரிய துகளுக்கு நீர் எளிதில் இறங்காது. மேலுள்ள கலவை நிறைந்து தளும்பும் வரை அங்கேயே நிற்கும். எனவே ஜல்லி பரப்பினால் ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. ஏற்கெனவே ஆழம் குறைந்த தொட்டியில் மேலும் ஒரு விரல்கனம் வீணாகிறது. துளைகளை ஞெகிழி வலைத்துண்டால் மூடி, கம்பியால் இறுக்கிவிட்டு, அடிமுதல் மேல்வரை ஒரே கலவையை நிரப்புவதே போதுமானது. அனுபவம் மிக்க பலர் அடியில் பெரிய துகள்களைப் பரப்பும் மரபைப் பின்பற்றுகிறார்கள் என்பது உண்மையே. அவர்களின் மரம் நன்றாக இருப்பதற்கு மேலுள்ள கலவை காரணம் என்றே கருதுகிறேன்.

சத்தில்லாத கலவையில் மரம் எப்படி வளரும்?

உரம் கொடுத்தால் வளரும், கொடுக்காவிட்டால் வளராது. செங்கல்லிலும் சரளையிலும் நட்டுவிட்டு, பழைய வழக்கப்படி ஆண்டுக்கு இருமுறை எரு வைப்பவர்களின் மரம் வெளிறிப்போய், மண்ணின் மீது பழி விழுகிறது. வளரும் பருவத்தில் திரவ உரத்தைப் பாதி அடர்த்தியில் கரைத்து வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ ஊற்றலாம். அல்லது மெல்லக் கரையும் உர உருண்டைகளை மேற்பரப்பில் வைக்கலாம். ஒவ்வொரு முறை ஊற்றும் நீரோடும் சத்து வெளியேறுவதால், சிறிது சிறிதாகப் பலமுறை என்பதே முறை. இதில் ஒரு நன்மையும் உண்டு: உரம் மிகுந்துவிட்டதாகத் தோன்றினால் நிறைய நீர் ஊற்றிக் கழுவிவிடலாம், களிமண் கலவையில் அது இயலாது.

இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் இளமரங்களுக்கும் இந்தக் கலவை தேவையா?

மிச்சப்படுத்த விரும்புபவர் மிச்சப்படுத்த வேண்டிய இடம் இதுவே. தண்டு பருக்கவேண்டிய மரத்தை ஆழமற்ற தொட்டியில் வைப்பதே தவறு. அதை நிலத்திலோ, பக்கங்களில் துளையிட்ட பழைய கூடையிலோ, ஆழமான வளர்ப்புத் தொட்டியிலோ விடுங்கள். ஆழம் கூடும்போது கலவையின் குறைகள் பொறுத்துக்கொள்ளப்படும். சலித்த பருமணலும் பட்டையும் சிறிது செங்கல்லும் போதும். சிறந்த துகள்களைப் பயிற்சி முடிந்து சிறு தொட்டிக்கு வரும் மரத்துக்காகச் சேர்த்துவையுங்கள்.

மரம் இப்போது இறுகிய மண்ணில் இருக்கிறது. உடனே மாற்றிவிடலாமா?

பருவம் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இலையுதிர் மரங்களுக்கு மொட்டுகள் பருத்து விரியத் தொடங்கும் முன்பும், அத்தி வகை போன்ற வெப்பமண்டல மரங்களுக்குச் சூடான வளர்பருவத்திலும் தொட்டி மாற்றுவது பாதுகாப்பானது. வேரழுகல் தொடங்கிவிட்டது என்றால் மட்டும் பருவத்துக்காகக் காத்திருக்க முடியாது. மற்றபடி, பருவம் வரும் வரை, இறுகிய மண்ணில் மெல்லிய குச்சியால் ஆங்காங்கே துளையிட்டு, அத்துளைகளில் துகள்களை நிரப்பிச் சமாளிக்கலாம்.

மாற்றும்போது பழைய மண்ணுருண்டையை அப்படியே நடுவில் வைத்துச் சுற்றிலும் புதுக்கலவை இடுவது பரவலான தவறு. ஊற்றும் நீர் புதுக்கலவை வழியாக ஓடிவிட, நடுவிலுள்ள உருண்டை ஒன்று காய்ந்தே கிடக்கும் அல்லது சேறாகவே நிற்கும். அகன்ற இலை மரங்களில் பழைய மண்ணைப் பெரும்பாலும் களைந்துவிடலாம். பைன் மரங்களில் ஒரே தடவையில் முழுவதையும் கழுவிவிடக் கூடாது; அவற்றின் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளுக்கும் இடம் வேண்டும். இம்முறை ஒரு பாதி, அடுத்த தொட்டி மாற்றத்தில் மறுபாதி என்று பிரித்துச் செய்யுங்கள். நட்ட பிறகு துகள்களைக் குச்சியால் வேர்களுக்கிடையே இறக்கி, மரம் அசையாதபடி கம்பியால் தொட்டியோடு கட்ட வேண்டும். துகள்மண் மரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. அசையும் மரத்தின் புதுவேர்கள் அறுந்துகொண்டே இருக்கும்.

பழைய கலவையை மறுபடியும் பயன்படுத்தலாமா?

செங்கல், நுரைக்கல், எரிமலைக்கல், சரளை ஆகியவை தேய்வதில்லை என்பதால் அவற்றை மறுபடியும் பயன்படுத்துவதே உண்மையான சிக்கனம். வெயிலில் நன்கு உலர்த்தினால் சல்லிவேர்கள் நொறுங்கும். மீண்டும் சலித்தால் அவையும் மக்கிய தூளும் உதிர்ந்துவிடும். பிறகு கழுவி, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டோ, ஈரமாக ஒளிபுகும் ஞெகிழித் தாளால் இறுக மூடிக் கடும் வெயிலில் சில வாரங்கள் வைத்தோ எடுத்துக்கொள்ளலாம். வேர்முடிச்சுப் புழுவோ வேரழுகலோ கண்ட தொட்டியின் கலவையை மட்டும் இரக்கமின்றிக் கொட்டிவிடுங்கள். ஆனால் தோட்டத்துப் பாத்தியில் கொட்ட வேண்டாம்.